ரெஜிஸ்ட்ரி காட்டிய ஸ்கேன் ரிப்போர்ட்

முந்தல் ஊரில இருக்கிற என்ட கம்ப்யூட்டர் கடைக்கு இன்டைக்கு ஒருத்தர், மௌத்தாகிப் போன மச்சான்ட லெப்டொப்பைக் கொண்டு வந்தார். விண்டோஸ் எழும்பவே இல்ல.

"அவர்ட பொஞ்சாதி, என்ட தங்கச்சி, இத்தாவில வீட்டுக்குள்ளயே இருக்கிறா. படங்களையாவது பார்த்துக்கொண்டு இருக்கட்டும். ஒரு வருத்தமும் இல்லாத மனிசன், திடீரென்டு போயிட்டார்."

டிஸ்க்கைக் கழற்றி என்ட மெஷின்ல மாட்டி, கறுப்புத் திரையில கட்டளை அடிச்சு விண்டோஸ் எல்லாத்தையும் குறிச்சு வைக்கிற ரெஜிஸ்ட்ரி கோப்பை வாசிச்சேன். படங்கள் எந்த ஃபோல்டர்ல கிடக்கு என்டு தெரிஞ்சது.

மௌத்தானவர் கடைசியாத் திறந்த படத்தின்ட பெயரும் அதிலயே இருந்தது. திறந்து பார்த்தேன். அவர்ட இருதய ஸ்கேன் ரிப்போர்ட்; பெரிய அடைப்பு என்டு போட்டிருந்தது.

"எல்லாப் படத்தையும் பென் டிரைவ்ல போட்டுட்டீங்களா?" என்டு வந்தவர் கேட்டார்.

"ஓம்" என்டேன்.

அந்த ரிப்போர்ட்டை மட்டும் போடல்ல. வீட்டுக்குச் சொல்லாம மறைச்ச மனிசனோட நானும் கூட்டுச் சேர்ந்துட்டேன்.

நீங்களென்டா போட்டிருப்பீங்களா?