வெயிலில் விரித்த பன்னிரண்டு படங்கள்

வெயிலில் கிடந்த தோலுறையைத் திறந்தால் வரும் புளித்த வாடைதான், அப்பா வாங்கி வந்த பெட்டி கேமராவைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. எங்கள் ஊரான கணபதியில் தோட்டத்துக் கிணற்றின்மேல் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடு, அமராவதி அணைக்குப் போனபோது மதகில் பறந்த சாரல், பனைமட்டை வேலியில் ஆடிய பாம்புச் சட்டை என்று அவள் கண்டதையெல்லாம் எடுத்தாள். பன்னிரண்டில் ஒன்றில்கூட நான் இல்லை.

"என்னைய ஒண்ணு எடுக்கா" என்று கெஞ்சினேன்.

"நீ ஊட்டுலயேதான் கெடக்கறே, எப்ப வேணா பாத்துக்கலாம். கூடு நாளைக்கு இருக்குமா சாமி?"

மறுநாள் மத்தியானம் கேமராவின் முதுகைத் திறந்து, சுருளை முழுக்க உருவி முற்றத்து வெயிலில் விரித்தேன். பிறகு பழையபடி சுற்றி வைத்தேன். விளையாட்டில்லை. வெளிச்சம் பட்டால் படம் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும், சொல்லித்தந்தவளே அவள்தான்.

"வெளிச்சம் பூந்துபோச்சுங்க, ஒண்ணுகூடத் தேறலீங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். வீட்டில் விருந்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் அப்பா கத்தினார்: "பொட்டப்புள்ள கையில குடுத்தா இப்படித்தான். கேமராவுக்கு முன்னால நிக்கற வயசுல பின்னால என்ன வேலை?" எல்லாரும் சிரித்தார்கள். "நாந் தொறக்கலீங்கப்பா" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன்.

அவள் அடுத்துப் பார்த்த கேமரா, மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட ஸ்டுடியோவில் அவளை நிறுத்தி எடுத்தது. பீரோவில் பூட்டிய எங்கள் கேமரா பிறகு வெளியே வந்தது, எனக்காக.

இப்போது தினமும் காலையில் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் எடுத்த படம் ஒன்றைப் போடுகிறேன். "சூப்பருங்க மாமா" என்று குவியும். போன வாரம் மீன்கொத்தி ஒன்றைப் போட்டதற்கு, பல்லடத்திலிருந்து அக்கா எனக்கு மட்டும் பேசி அனுப்பினாள்: "வானத்தை வெட்டியா உட்டுப்போட்டியே தம்பி. இன்னும் ஓரடி குனிஞ்சிருந்தா குருவி அதுல வந்திருக்கும்." அறுபது வருஷமாகியும் அந்தக் கண் மங்கவில்லை. எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. உடனே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

அவள் சொன்னாள்: "அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா ஒரு ரோலோட போயிருக்குமடா. இப்ப எங்காதுல மட்டும் சொல்றே. எம்பேரு கெட்டது எல்லாரு முன்னாலயும்தானே?"

அதனால் குழுவில் அத்தனை பேருக்கும் எழுதினேன். கும்பிடும் கைகள் வந்தன. "விடுங்க தாத்தா, பழைய கதை" என்றான் ஒருவன். பழைய கதையாம்! அன்று சிரித்தவர்களின் பிள்ளைகள்தானே இவர்கள். அக்கா பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது.

அந்தக் கிணற்றை மூடி அதன்மேல் இன்று ஒரு லேத் பட்டறை ஓடுகிறது. அங்கே கூடு தொங்கியது என்றால் பேரப்பிள்ளைகள் படம் இருக்கிறதா என்கிறார்கள். இருந்தது. வெயிலில் காட்டி அழித்தவன் நான்.