அன்டன் அண்ணை சரி போட்ட சைபர்

நேற்று வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில், மருந்து வந்ததும் மெசேஜ் அனுப்ப என் நம்பரைக் கேட்டாள் கவுண்டரில் நின்ற பிள்ளை. "முன்னுக்கு இருக்கிற சைபர் வேண்டாம் அங்கிள்" என்றாள். அங்கிள் என்றது கொஞ்சம் சுட்டது. சைபர் அதைவிடச் சுட்டது.

பார்மசிக்குள் தலைவலித் தைல மணம். கொட்டாஞ்சேனையில் நான் முதன்முதலில் வேலை செய்த ஒபிசில், பக்கத்து மேசை அன்டன் அண்ணையிடம் எப்போதும் அந்த மணம்தான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து வந்தவர். எந்த நம்பரை அடித்தாலும் முதலில் தாளில் எழுதி, அடிக்க அடிக்க ஒவ்வொரு இலக்கத்துக்கும் சிவப்புப் பேனையால் சரி போடுவார். நான் சிரிப்பேன். வெள்ளிக்கிழமை நான் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவேன் என்பதற்காக அவர் மனைவி தனியாகச் சொதியும் சோறும் கட்டி அனுப்புவார். அதைச் சாப்பிட்டுக்கொண்டும் சிரிப்பேன்.

வத்தளையில் ஓர் இறால் குளிரறைக்கு எங்கள் ஒபிஸ் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தது. உள்ளே சூடு ஏறினால் அது எங்கள் ஒபிசில் பொறுப்பாக இருக்கும் ஒருவருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். எத்தனை பாகையில், எந்த நம்பருக்கு என்ற விவரங்களை அன்டன் அண்ணை திரையில் அடிப்பார். அவற்றைக் கோப்பில் எழுதி வைப்பதும், புரோகிராம் மறுபடி தொடங்கும்போது வாசித்தெடுப்பதும் என் வேலை. ஒவ்வொரு விவரமும் எழுத்தா எண்ணா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, போன் நம்பரை எண் என்று சொல்லிவிட்டேன். எண்ணுக்கு முன்னால் சைபர் நிற்காது. திரையில் இருந்தது, கோப்பில் உதிர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் சைபர் இல்லாமல் மெசேஜ் போகாது.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, குளிரறை நின்றுபோனது. மெசேஜ் யாருக்கும் போகவில்லை. இறால் முழுக்க நாறிவிட்டது. அந்த நம்பர் அன்டன் அண்ணையுடையது.

"சொந்த நம்பரைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?" எல்லோர் முன்னாலும் முதலாளி கத்தினார்.

அண்ணை தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, இஞ்ச பாருங்கோ. பத்துக்கும் சரி போட்டிருக்கிறன். நான் சரியாத்தானே அடிச்சனான்?"

அதற்குள் நான் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டேன். ஒன்பது இலக்கம்தான் இருந்தது.

"தெரியேல்ல அண்ணை" என்றேன்.

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, பயம். உண்மைதான். ஆனாலும் அது கோழைத்தனம். மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் பிழையைத் திருத்தி வைத்தேன். மாத முடிவில் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்றும் என் மேசையில் சொதிச் சோறு இருந்தது, அடியில் அந்தத் தாள். அந்தச் சோற்றையும் சாப்பிட்டேன்.

அந்த ஒபிஸ் இருந்த இடத்தில் இப்போது ஃபிளாட். இன்று அப்படி ஒரு பிழை விட்டால், புரோகிராம் எழுதும் திரையே பெரும்பாலும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. சைபருக்கும் ஒரு சரி போட்டிருக்கிறார்.

பார்மசியால் வீட்டுக்கு வந்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த நம்பரை அடித்தேன், சைபரோடு. இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று பதிவு செய்த குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

"நீங்கள் சரியாத்தான் அடிச்சனீங்கள் அண்ணை" என்று அந்தக் குரலிடம் சொன்னேன்.