என் ட்ரக் எப்போது ரோட்டுக்கு வரும் என்று கேட்ட ஹவுஸ் ஓனர்

இன்று காலை என் ஹவுஸ் ஓனர் எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுத்தார்.

அம்பத்தூரில். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில்.

(நான் வேதியியலில் பிஎச்.டி.)

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நூம்பலில் வீடு தேடி அலைந்தபோது தணிகாசலம் அண்ணன் வீட்டு மாடி காலியாக இருந்தது. அந்த ஊர்க்காரர். சுற்றியிருந்த நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு இரண்டு தண்ணீர் லாரி ஓட்டுகிறார். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். என்ன வேலை என்று கேட்டார். ட்ரக் டிசைன் என்றேன்.

அதாவது மருந்து. நோய்க்கிருமியின் புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்து அதன் வேலையைக் கெடுக்கிற மூலக்கூறு எது என்று கம்ப்யூட்டரில் தேடுவதுதான் என் பிழைப்பு. இதையெல்லாம் விளக்க வாய் திறப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம லைன்தான் சிஸ்டர். சாவிய புடி."

எவ்வளவு விஷயம் தெரிந்த மனிதர் என்று அம்மாவிடம் போனில் பெருமைப்பட்டேன்.

அதன்பிறகு தொட்டியில் தண்ணீர் விட வரும்போதெல்லாம் ட்ரக் எப்போது ரோட்டுக்கு வருகிறது என்று விசாரிப்பார். மார்க்கெட்டுக்கு வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார் போல என்று நினைத்து, இன்னும் டெஸ்டிங்கே தாண்டவில்லை, பத்து வருடம்கூட ஆகலாம் என்பேன். பாவமாகப் பார்ப்பார். ஒருமுறை, சைடு எஃபெக்ட் வரும்போல இருக்கிறது, ஒன்றைக் கைவிட்டுவிட்டோம் என்றேன். சைடு மிரரைப் பெரிதாக வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

(ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.)

இப்போது சிரிப்பில்லாத பகுதி.

நான் தேடுவது டி.பி.க்கு ஒரு மருந்து. பழைய மாத்திரைகளுக்கு அடங்காத வகை டி.பி. கம்ப்யூட்டர் திரையில் அம்சமாக உட்காரும் மூலக்கூறை லேபில் நிஜமாகவே தயாரித்து, நிஜப் புரதத்தோடு போட்டுப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. மூன்று வருடமாக இதே கதை. கடைசியாகப் பதினொன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். இதுவும் சரிவராவிட்டால் ப்ராஜெக்டை மூடிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நேற்று வரை பத்துக்கு ரிசல்ட் வந்திருந்தது. பத்தும் ஊத்திக்கொண்டது.

ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து டிராஃப்டில் வைத்துவிட்டேன். கூடப் படித்தவள் ஒருத்தி ஐடி பக்கம் வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று முடிவே கட்டியாகிவிட்டது. அவ்வளவு வெறுப்பு.

அந்த வெறுப்பில்தான் நேற்று தண்ணீர் விட வந்த அண்ணனிடம், எல்லாவற்றையும் மூடப்போகிறார்கள், நான் பண்ணிய ட்ரக் ஒன்றுகூட ஓடவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் காலிங் பெல். அண்ணன் நின்றார். கூடவே காதில் பென்சில் சொருகிய ஒரு பாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருப்பவராம். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். பாய் ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தார்.

"டிப்பருக்கு பாடி வரைவியாம்மா?"

நான் திருதிருவென்று முழித்தேன். எனக்காக அண்ணன் பதில் சொன்னார்.

"அத்தெல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்ரும் பாய். மூணு வருசமா ட்ரக்குதான் வரைஞ்சிகினு கீது."

(சைடு மிரர் உட்பட அத்தனையும் அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது.)

"அண்ணா, அது லாரி இல்லண்ணா. மருந்து. டி.பி.க்கு மாத்திரை."

பாய் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நான்தான் முதலில் சிரித்தேன். பாயும் சிரித்தார். அண்ணன் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"டி.பி.க்கா?"

ஆமாம் என்றேன்.

"எங்க ஊட்டுக்காரிக்கு ஆறு மாசம் மாத்திரை குட்த்தேன் சிஸ்டர். நீ வர்றதுக்கு முன்னாடி. அத்த எவன் செஞ்சிருப்பான்னு ஒரு நாளுகூட நெனச்சதில்ல."

அவர் மனைவி செல்வி அக்காவைக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புகிறவராக மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒன்றை ஒப்புக்கொண்டேன். பதினொன்றாவது ரிசல்ட் காலை ஏழு மணிக்கே மெயிலில் வந்துவிட்டது. பயத்தில் திறக்காமல் வைத்திருந்தேன்.

"தொற" என்றார் அண்ணன்.

திறந்தேன். இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

"ஒட்டுதுண்ணா. ரொம்ப வீக்காதான். ஆனா ஒட்டுது. இது மருந்தாக இன்னும் எவ்வளவோ இருக்கு."

"ஓடுறது அப்பால பாத்துக்கலாம். ஸ்டார்ட் ஆயிட்ச்சில்ல?"

ஆயிடுச்சுண்ணா என்றேன். மேனேஜருக்கு போன் போட்டேன். மூடும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம், அடுத்த செட்டைத் தயார் செய் என்றார். அவர்கள் எதிரிலேயே அந்த டிராஃப்டை அழித்தேன்.

படி இறங்கப் போன பாய் மட்டும் நின்று திரும்பி, அப்ப வேலைக்கு வரமாட்டியாம்மா என்று கேட்டார். (நல்ல மனிதர். கொஞ்சம் வருத்தப்பட்டார்.)

தெருவில் இத்தனை நாளும் எனக்கு லாரி பார்ட்டி என்றுதான் பெயராம். அதை அண்ணன் இன்றைக்கே தெரு முழுக்க மாற்றிவிட்டார். அதன் பலனாகச் சாயங்காலத்துக்குள் மூன்று பேர் மாடியேறி வந்து இருமலுக்கு மருந்து கேட்டுவிட்டார்கள்.

டாக்டரைப் பாருங்கள், என்னுடையது ரெடியாகப் பத்து வருடம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பரவாயில்லை, நான் இங்கேதான் இருப்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.