சித்தப்பா வந்தால் சர்வர் போகும்

டேட்டாபேஸ் வடிவமைப்பது என்றால் உலகத்தை அட்டவணைகளாக வெட்டி, எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று கோடு போடுவது. போட்டு முடித்ததும் உலகம் கோட்டைத் தாண்டிப் போய்விடும். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர் சரியான ஆள்தானா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும் என்றார் தாளாளர் அம்மா. பிள்ளை ஆள் மாறிப் போய்விடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

ஒன்றுக்கு ஒன்று

ஒரு பிள்ளைக்கு ஒரு பாதுகாவலர் என்று கோடு போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. முதல் நாளே யு.கே.ஜி. யாழினியைக் கூட்டிப்போக அவள் பெரியம்மா வந்தார். பதிவில் இருந்தது அப்பா பெயர். அப்பா இருப்பது கத்தாரில். திரை சிவப்பாகிவிட்டது. பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு பிளேன் ஏறி வார வரைக்கும் பிள்ளை இங்கனயே இருக்கட்டும். நீங்களே சோறு ஊட்டிப் படுக்கப் போடுங்க தம்பி!"

ஒரு போன், ஐந்து பிள்ளைகள்

சரி, ஒரு பிள்ளைக்குப் பல பேர் என்று மாற்றினேன். ஆளை அடையாளம் காணப் போன் நம்பர். இரண்டு பேருக்கு ஒரே நம்பர் இருக்காது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை, நானாகவே நம்பிக்கொண்டேன்.

வயலுக்குப் போகிறவர்கள் பகலில் போனை எடுப்பதில்லை. அதனால் வீட்டில் தையல் மிஷினோடு இருக்கும் செல்வியின் நம்பரையே பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் மூன்று தாய்மாரையும் ஒருவராக்கிவிட்டது. கோவில் திருவிழா அன்று தெருப்பிள்ளைகள் யாரும் பள்ளிக்கு வரவில்லை. "உங்கள் பிள்ளை இன்று வரவில்லை" என்று செல்விக்கு ஐந்து தடவை செய்தி போனது. உடனே எனக்குப் போன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. மிச்ச நாலையும் எப்பப் பெத்தேன்னு எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு. நீங்களே பதில் சொல்லுங்க."

இருக்கணும், வேலை செய்யக் கூடாது

பிள்ளைகளுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை, யாரை யார் கூட்டிப்போகலாம் என்று நடுவில் இன்னொன்று. ஆளுக்கு ஒரு தனி எண். இலக்கண சுத்தம். நிம்மதியாக டீ குடிக்கும்போது யாழினியின் அம்மா கவிதா வந்தார். வீட்டிலிருந்து கொடுத்த பெயர்களில் ஒன்று அவர் கொழுந்தனாருடையது. மத்தியானமே குடித்துவிட்டு பைக் ஓட்டுகிறவர். பெயரை விட்டுவிட்டால் மாமியார் வீட்டில் பெரிய சண்டை வரும். வைத்தால் பிள்ளை அந்த பைக்கில் ஏறும்.

ஒன்றுக்குப் பல தெரியும், பலவற்றுக்குப் பல தெரியும். அட்டவணையில் இருந்தும் இல்லாத தொடர்பை நான் எங்கும் படித்ததில்லை. கவிதா குரலைத் தாழ்த்தினார்.

"பேரு இருக்கட்டும் சார், பிள்ளைய மட்டும் அனுப்பிராதீங்க. போன மாசந்தான் வண்டியோட வாய்க்கால்ல கெடந்தாரு."

கூடுதலாக ஒரு கட்டம்

நடு அட்டவணையில் திரைக்கு வராத ஒரு கட்டம் சேர்த்தேன். அதில் குறி இருந்தால், பெயருக்குக் கீழே "சர்வர் பழுது" என்று வரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாழினியின் அந்தச் சித்தப்பா வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். அவர் கண் சிவந்திருந்தது. யாழினி பைக்கைப் பார்த்ததும் குதித்தாள். தாளாளர் அம்மா அவள் கையை விடாமலே கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார்.

"எம்பேரு இருக்கா, இல்லையா?"

"முதல் பேரே உங்களதுதாங்க. சர்வர்தான் போயிருச்சு. கவிதாவுக்குப் போன் போட்டுட்டேன்."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். தன் பெயரைக் கண்டதும் முகம் தெளிந்தது. கவிதா ஸ்கூட்டியில் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்வரை பெஞ்சில் சமாதானமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது தாளாளர் அம்மாவிடம் அனுதாபத்தோடு சொன்னார்:

"இத எவங்க செஞ்சான்? அடுத்த தடவையாச்சும் வேலை தெரிஞ்சவனாப் பாத்துக் கொடுங்க."

இத்தனை வருஷத்தில் நான் வடிவமைத்தவற்றுள், வடிவமைத்தபடியே வேலை செய்தது அந்தப் பழுது ஒன்றுதான்.