எலுமிச்சை வைத்து அனுப்பிய நாய்வண்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பெற்றேன். தங்கை போய்ச் சேர்ந்த பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஏழு வளர்த்தேன். ஏழும் இன்று தம் காலில் நிற்கின்றன. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுத வராது. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

இது நாய்ப் பந்தயத்துக்குப் போன கதை. பனி நாடுகளில் நாய்கள் பனிமேல் வண்டி இழுக்குமாம். ஜொகூரில் பனி ஏது? அதனால் இங்கே அதே நாய்களைச் சக்கர வண்டியில் பூட்டிக் காட்டுப் பாதையில் ஓட விடுகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாடு பூட்டிய வண்டி பார்த்திருக்கிறேன். நாய் பூட்டிய வண்டியை இந்த வயதில்தான் பார்த்தேன்.

எங்கள் நாயும் அந்தப் பனி நாட்டுச் சாதிதான். சிங்கப்பூரில் மகனோடு வேலை செய்தவர் வீடு மாறியபோது கொடுத்துவிட்டுப் போனார். நீலக் கண், கரடி மாதிரி ரோமம். பேத்தி அதற்கு என் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தாள். நான் "டேய்" என்பேன், வரும்.

மருமகளுக்கு அது ஆகாது. சாமி அறை வரைக்கும் ரோமம். அது குளிர்ச்சியாகப் படுக்க ஏர்கோன் வேறு. கேமரன் மலையில் அவள் அண்ணன் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார், அங்கே அனுப்பிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள். பேத்தி அழுது புரண்டதில் ஒரு பேச்சு முடிவானது.

"ரேஸ்ல கோட்டத் தாண்டட்டும், வச்சுக்கலாம். தாண்டல, மலைக்குப் போயிரும். அப்புறம் அழக்கூடாது," என்றாள் மருமகள்.

பாலோவிலிருந்து சாஆ போகும் பக்கம், செம்பனை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பந்தயம். வெயில் ஏறினால் நாய்களுக்கு ஆகாதென்று விடிந்ததுமே ஆரம்பம். நாங்கள் மூன்று பெண்களும் நாயும் போனோம். மகனுக்கு வேலை. மருமகள் காரை நிறுத்தியவள் இறங்கவே இல்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பேத்தியின் வண்டி நின்றுகொண்டே போகும் இரண்டு சக்கர வண்டி. முன்னால் நாயைப் பூட்டியாயிற்று. நான் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். புது வண்டி முதன்முதலாகக் கிளம்பினால் எலுமிச்சை நசுக்காமல் எங்கள் வீட்டில் அனுப்பியதில்லை. கார் என்ன, நாய்வண்டி என்ன?

"பாட்டி, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். கண்ணு படாம இருக்கத்தானே பழம் வைக்கிறேன்?"

கொடி பிடித்திருந்த மலாய்ப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "மாக்சிக், இது என்ன?" என்று மலாயில், அத்தை முறை வைத்துக் கேட்டான். டயர் நல்லபடி போய் வருவதற்கு என்றேன். கற்பூரத்தையும் எடுத்தேன். காட்டில் நெருப்பு கூடாது என்று பதறிப் போனான். சரி, விட்டுக்கொடுத்தேன். பக்கத்தில் மூன்று சக்கரப் பெரிய வண்டியோடு நின்ற சீனப் பெண் என்னைப் பார்த்து, "அன்ட்டி, எனக்கும் ஒண்ணு லா," என்று கை நீட்டினாள். தாராளமாகக் கொடுத்தேன்.

கொடி விழுந்தது. சீனப் பெண்ணின் வண்டி பழத்தைச் சப்பென்று நசுக்கிக்கொண்டு பறந்தது. பேத்தியின் வண்டிக்குச் சக்கரம் சிறிது. பழம் நசுங்கவில்லை, உருண்டது. சக்கரம் வழுக்கி, அவள் ஒரு பக்கம் விழ, நாய் வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. தரை சரியில்லை. அதை நான் அப்போதே சொன்னேன்.

முதல் வளைவிலேயே டிராக்டர் தடத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளம். அதைக் கண்டதும் நாய்க்குப் பந்தயம் மறந்துபோயிற்று. எருமை மாதிரி உள்ளே இறங்கி வயிறு குளிரப் படுத்துக்கொண்டது. பேத்தி முட்டியில் ரத்தத்தோடு நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தாள். வாரைப் பிடித்து இழுத்தாள், கெஞ்சினாள், சாசேஜ் காட்டினாள். சாசேஜை மட்டும் படுத்தபடியே தின்றது.

கொடிக்காரப் பையனும் வந்துவிட்டான். வேறு யாரும் நாயைத் தொடக்கூடாதாம், குரல் கொடுக்கலாமாம். "டேய், வாடா ராஜா," என்று நான் தேனாகக் கூப்பிட்டேன். வாலை ஒருமுறை ஆட்டியது, சேறு என் சேலைமேல் தெறித்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பேன், எழுந்திருக்காவிட்டால் பந்தயத்திலிருந்து பெயரை அடித்துவிடுவேன் என்றான் பையன். பேத்தி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். "பாட்டி, மலைக்கு அனுப்பிருவாங்க பாட்டி."

அப்போது கார்க் கதவு அறையும் சத்தம் கேட்டது. மருமகள் வந்தாள். மகளின் முட்டியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஏய்! எந்திரி! மணி என்னாச்சு? ஊரே கெளம்பிப் போயிருச்சு, நீ இன்னும் படுத்துக் கெடக்கிறியா? எந்திரிடா!"

காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற அதே குரல். நாய் துள்ளி எழுந்தது. பேத்தியும் எழுந்தாள். கொடிக்காரப் பையன்கூட நேராக நின்றான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஏறுடி!"

ஏறினாள். நாய் பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓடியது. பாதை ஓரமாக மருமகளும் கத்திக்கொண்டே ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது; அவள் நிற்கவில்லை. நான் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு மெதுவாகக் கோட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

பரிசு கொடுத்து முடித்து, கூடாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பரிசு சீனப் பெண்ணுக்கு. அது யார் கொடுத்த பழம் என்று நான் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை, அவளிடம் மட்டும் சொன்னேன். அப்புறம் வெகு நேரம் கழித்து மரங்களுக்குள்ளிருந்து முதலில் மருமகளின் குரல் வந்தது, பிறகு நாய், பிறகு பேத்தி. கோட்டைத் தாண்டினார்கள். கடைசிதான், ஆனால் தாண்டினார்கள்.

மருமகள் மூச்சு வாங்க மரத்தடியில் உட்கார்ந்தாள். நாய் சேறும் சகதியுமாக அவள் மடியிலேயே தலையைச் சாய்த்தது. நான் செருப்பை நீட்டினேன்.

"என்னம்மா, மலைக்கு அனுப்பணுமா?"

"அங்க எங்க அண்ணி அதிர்ந்து பேசாத ஆளு, அத்த. இது படுத்துக்கிச்சுன்னா யாரு எழுப்புறது?" என்றாள்.

அவ்வளவுதான். பேத்தி, எழுதியதை முதலிலிருந்து படித்துக் காட்டு. மெதுவாகப் படி, அம்மாவும் கேட்கட்டும்.