பக்கத்துக் கொட்டடி லத்தி

குதிரை லாயத்தில் அவளைக் 'கடுகு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் ஒருவருக்கும் கிடையாது; பொரிந்து தள்ளிவிடுவாள். லாடம் அடிக்கிறவன் ஒருமுறை பீடியோடு உள்ளே வந்து வாங்கிக் கட்டிக்கொண்டதில், ஒரு மாதம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கணவன் இறந்துபோன பிறகு லாயம் அவளுக்கும் கொழுந்தனுக்கும் பொதுவாயிற்று. இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

சண்டைக்கு நடுவில் நின்றது ஒரு பெண் குதிரை. வயது இருபத்தாறு, பெயரே கிழவி. கடைவாய்ப் பல் தேய்ந்து, புல்லைப் பாதி மென்று சக்கையாகத் துப்பும். சரியாக மெல்லாதது குடலில் அடைத்துக்கொள்ளும். வலி வந்தால் முன்காலால் தரையைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, விழுந்து புரளும். அதனால் காய்ந்த தீனி எதையும் கடுகு அண்டவிடமாட்டாள். ஊறிக் கூழான தீனிதான், நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. விலாவில் காதை வைத்துக் குடல் இரைகிறதா என்று கேட்பாள். மனிதர்கள் பேசினால் அவள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

குளிர் தொடங்கியதிலிருந்து இரண்டு முறை வலி வந்துவிட்டது. இரண்டாம் முறை கொழுந்தன் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவை வந்துச்சுன்னா ஊசி போட்டு முடிச்சிரலாம் அண்ணி. அது படுற பாட்டை என்னால பாக்க முடியல."

"பாக்க முடியலன்னா கண்ணை மூடிக்குங்க."

அன்றிலிருந்து தினம் காலையில் வந்து, கொட்டடியில் கிழவி ராத்திரி போட்ட லத்தியை எண்ணுவான். ஐந்தாறு குவியல் கிடந்தால் குடல் ஓடுகிறது என்று அர்த்தம். எண்ணிவிட்டுப் போய்விடுவான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலை ஒரே குவியல்தான் கிடந்தது, கல்லாகக் காய்ந்து. விலாவில் காதை வைத்தாள். சத்தமே இல்லை. கொழுந்தன் வரக் கால் மணி நேரம் இருந்தது. நடத்திக் கூட்டிப்போய், வெந்நீர் கொடுத்து, எப்படியும் சரிசெய்துவிடலாம். அவன் கண்ணில் மட்டும் படக் கூடாது. மண்வாரியை எடுத்தாள். பக்கத்துக் கொட்டடி வாலிபக் குதிரை தாராளமாகப் போட்டு வைத்திருந்தது. அதில் ஐந்து குவியலை அள்ளிவந்து இங்கே பரப்பினாள். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

கொழுந்தன் வந்து எண்ணினான். முகம் மலர்ந்துவிட்டது. அவள் வெந்நீர் எடுக்கப் போன நேரத்தில், கிழவி தேறிவிட்ட சந்தோஷத்தில், ஒரு வாளி காய்ந்த தீனியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். அவள் திரும்பி வந்தபோது வாளி பாதி காலி.

"அறிவு இருக்கா உங்களுக்கு? யாரைக் கேட்டு வச்சீங்க?"

"நல்லாத்தானே இருக்கு! ஒருநாள் ஆசையா தின்னா என்ன? எனக்கும் அது குதிரைதான்."

அரை மணியில் கிழவி விழுந்து புரண்டது.

குதிரை டாக்டரம்மா வந்து நாடி பார்த்தாள். "லத்தி போட்டுச்சா?"

"ஆறு தடவை டாக்டர். நானே எண்ணினேன்," என்றான் கொழுந்தன்.

"அப்ப அடைப்பா இருக்காது. வாயுதான். வலிக்கு ஊசி போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் பாப்போம்."

கடுகு வாயைத் திறந்தால் கொழுந்தன் முடித்துவிடச் சொல்வான். திறக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் குதிரை தானே முடிந்துவிடும்.

"அந்த லத்தி இவளோடது இல்ல," என்றாள். "பக்கத்துக் குதிரையோடது. நான்தான் அள்ளிப் போட்டேன்."

கொழுந்தன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். டாக்டர் நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். அடைப்பு தட்டுப்பட்டது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினாள். மறுநாள் காலைதான் கிழவி லத்தி போட்டது.

அதைப் பார்த்த கையோடு கொழுந்தன் கொட்டடிக்குப் பூட்டு வாங்கி வந்தான்.

"முடிக்க வேண்டாம். நானே பாத்துக்கறேன். ஆனா நீங்க இனிமே உள்ள வரக்கூடாது அண்ணி. வலியைக்கூட நம்பலாம், உங்கள நம்ப முடியாது."

கடுகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

"தண்ணியத் தொடவே மாட்டேங்குது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

சொல்லாமல் போய்விடத்தான் நினைத்தாள். தவிக்கட்டும், வந்து காலில் விழட்டும். ஆனால் தவிக்கப்போவது அவன் இல்லையே.

"ஆப்பிளை நறுக்கி மிதக்க விடு!" என்று திரும்பாமலே கத்தினாள். "அதைத் தேடிக் குடிக்கும். வாளியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணும், கீழ வைக்காத, முண்டம்!"

தெருத் திரும்பும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு போனாள்.