எட்டு மைக்ரான் சண்டை

என் தம்பிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் லாரி ஓட்டுகிறான். அடுத்தவள் தையல்காரி. கடைசிப் பெண்ணைக் குடும்பத்தில் எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிடுவோம். ஆள் குள்ளம் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் பார்க்கும் வேலை. ஒரு தலைமுடியின் கனம் எழுபது மைக்ரான் என்று எனக்குச் சொன்னதே அவள்தான். "உங்களை வச்சு அளந்து காட்டலாம்னு பார்த்தா தலையில முடி வேணுமே பெரியப்பா" என்று அதோடு ஒரு குத்தும் குத்தினாள்.

கண் பரிசோதனைக் கருவிகளுக்குக் கண்ணாடி வில்லை செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். முதலில் பேக்கிங். அட்டைப்பெட்டித் தூசி அவளுக்கு ஆகவே ஆகாது. காலையில் ஆரம்பிக்கிற தும்மல் சம்பள நாளன்று கூட நிற்காது. மூக்கு சிவந்து, கண் வீங்கி, யாரோ அடித்துவிட்டார்கள் போலத்தான் வீட்டுக்கு வருவாள்.

பேக்கிங்கை ஒட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அளக்கிற அறை. அங்கே ஒரு மிஷின். மோட்டார் சுழன்றால் நீளமான திருகு ஒன்று சுழலும். அந்தத் திருகில் கோத்த பித்தளை நட்டு, உள்ளங்கை அகல மேடை ஒன்றை நேர்கோட்டில் முன்னே தள்ளும், பின்னே இழுக்கும். மேடையில் வில்லையை வைத்து எண்ணைத் தட்டினால், சொன்ன மைக்ரானில் கொண்டுபோய் ஊசிமுனைக்குக் கீழே நிறுத்தும், ஊசி தொட்டு அளவைக் காட்டும். லீனியர் ஆக்சுவேட்டர் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொன்னவர் இன்றுவரை இல்லை. என் மனைவி அதைத் தள்ளுவண்டி என்பாள்.

ஒருநாள் பெட்டி கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். "சார், இது நேத்து இப்படி முனகலையே" என்றாளாம் ஃபோர்மேனிடம். அவர் சிரித்தார். சிரித்தாலும் நல்ல மனிதர், மிஷினை நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தார். துடைக்கிற துணியிலிருந்து பிரிந்த ஓர் இழை திருகில் சுற்றிக் கிடந்தது. அடுத்த மாதமே அவளை அந்த மிஷினில் உட்கார வைத்தார்கள். தும்மலும் அன்றோடு நின்றது.

அவள் அதைப் பார்த்துக்கொள்கிற விதத்தை ஒரு தடவை குடும்ப நாள் என்று கூட்டிப்போனபோது நானே பார்த்தேன். வளையலைக் கழற்றிவிடுவாள், பின்னலைத் தொப்பிக்குள் சுருட்டிவிடுவாள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது அவளுக்கு. பிளக்கைப் பிடுங்கி, அதன் முனை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்துக்கொண்டுதான் மூடியில் கை வைப்பாள். இழை உதிராத துணியால் பழைய கிரீஸைத் துடைத்து, புதியதை அரிசி அளவு வைப்பாள். காலையில் வில்லை எதுவும் ஏற்றாமல் மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இரண்டு நடை ஓடவிடுவாள். "தூங்கி எழுந்ததும் நீங்க சோம்பல் முறிக்கறீங்கல்ல, அந்த மாதிரி" என்றாள். மேடையைக் கையால் தள்ளக்கூடாது, அதன்மேல் எதையும் வைக்கக்கூடாது. எலக்ட்ரீஷியன் ஒருவர் தெரியாமல் தன் பையை அதில் மாட்டிவிட்டுப் போக, அவரோடு ஒன்றரை மாதம் பேசவில்லை.

அதே மிஷினில் மதிய ஷிஃப்ட் பார்த்தவன் என் மனைவியின் தம்பி மகன், எனக்கு மருமகன் முறை. வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரம், அதனால் நெட்டையன். காலை ஆறிலிருந்து இரண்டு வரை இவள், இரண்டிலிருந்து பத்து வரை அவன். ஒரு வருஷம் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டது மிஷின் நோட்டில்தான். 'கிரீஸ் அதிகம். இது தலைக்கு எண்ணெய் தேய்ப்பது இல்லை' என்று இவள் எழுதியிருக்கிறாள். 'எவ்வளவு என்று வரைந்து காட்டவும்' என்று அவன். இவள் ஓர் அரிசியை வரைந்தாள். மறுநாள் பார்த்தால் அந்த அரிசிக்குக் கண், மூக்கு, பின்னல் எல்லாம் முளைத்திருக்கிறது. இதெல்லாம் தெரியாமல் நான் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து, சம்பந்தம் பேசி, முடித்துவிட்டதாக மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி எட்டு வருஷம். ஆறு வயதில் ஒரு பெண். குழந்தையோடு யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமே என்று ஷிஃப்டை மாற்றிக்கொள்ளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையை விட்டால், புருஷனும் பெண்டாட்டியும் தெளிவாக முகம் பார்த்துப் பேசுவது மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் பத்து நிமிஷம்.

போன வருஷம் தரம் பார்க்கப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, கூர்மையான கண். எல்லோரும் மேடம் என்பார்கள். காலை வில்லைகளின் கணக்கையும் மதிய வில்லைகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டுக்கும் எட்டு மைக்ரான் வித்தியாசம். இடையில் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு இருவரையும் நிறுத்திச் சொல்லிவிட்டாள். "வில்லை ஒண்ணுதான், மிஷின் ஒண்ணுதான். அப்போ உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பா அளக்கறீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். அது யாரோ அவங்க பேக்கிங்குக்குப் போகணும்."

பேக்கிங் என்றதுமே மைக்ரானுக்கு மூக்கு அரித்ததாம்.

அன்றிலிருந்து எனக்குத் தலைவலி. நான் இருப்பது இரண்டு தெரு தள்ளி. காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு அவன் வருவான். "மாமா, நான் ஒவ்வொரு வில்லையையும் ரெண்டு தடவை பார்க்கறேன். உங்க தம்பி மகதான் அவசரக்காரி." மதியம் அவள். "பெரியப்பா, ஒன்பது வருஷமா என் கணக்கு பிசகினதில்ல. உங்க மருமகனுக்கு அந்த உயரத்திலேர்ந்து ஊசிமுனை எப்படித் தெரியும்?" எனக்கோ இரண்டு பக்கமும் சொந்தம். அவனிடமும் உன் பக்கம்தான் நியாயம் என்றேன், அவளிடமும் அதையே சொன்னேன். இரண்டு மணிக்கு வாசலில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"பெரியப்பா நான்தான் சரின்னு சொல்லிட்டார்."

"என்கிட்ட காலையிலேயே சொல்லிட்டாரே."

புதன்கிழமை இரண்டு பேருமே என் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் மனைவி, "அப்பாடா, ஒரு விஷயத்திலயாவது ஒத்துப்போனாங்க" என்றாள்.

வியாழக்கிழமை குழந்தையை என்னை அழைத்துவரச் சொல்லிவிட்டு, மேடத்திடம் கேட்டுக்கொண்டு, தன் ஷிஃப்ட் முடிந்தும் மைக்ரான் அங்கேயே இருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று புருஷன் வேலை செய்வதை முதல் முறையாகப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் முதல் முறை.

நெட்டையன் இடதுகைக்காரன். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும் என்று திட்டுவாள். ஆனால் மிஷினில் அவன் எப்படி உட்காருவான் என்று யோசித்ததே இல்லை. எண்ணைத் தட்டுவதும் எழுதுவதும் இடது கையால் என்பதால், வில்லைத் தட்டை அவன் வலது பக்கம், அந்தக் கோடியில் வைத்திருந்தான். மேடையை அங்கே வரவழைத்து, வில்லையை வைத்து, அங்கிருந்து பின்னுக்கு இழுத்து ஊசிக்குக் கீழே நிறுத்தினான். இவள் வைப்பது இந்தக் கோடியில், இங்கிருந்து முன்னே தள்ளுவாள். அவன் வலப்பக்கமிருந்து வருகிறான், இவள் இடப்பக்கமிருந்து.

கதவைத் தட்டி, "ஏங்க, ஒரு நிமிஷம் எழுந்திருங்க" என்றாள்.

"என்ன, இடத்தைப் பிடிக்க வந்துட்டியா?"

"ஆமா. நகருங்க."

ஒரே வில்லையை ஐம்பது என்ற குறிக்கு இடமிருந்து கொண்டுபோனாள். திரையில் ஐம்பது. ஊசி காட்டியதை எழுதிக்கொண்டாள். குறியைத் தாண்டிப் போகவிட்டு வலமிருந்து திரும்பவும் ஐம்பதுக்குக் கொண்டுவந்தாள். திரையில் அதே ஐம்பது. ஊசியில் எட்டு மைக்ரான் தள்ளி நின்றது. மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் திரைக்குத் தெரியும். திருகு திசை மாறும்போது, தேய்ந்துபோன பித்தளை நட்டு சும்மா எட்டு மைக்ரான் ஆடிவிட்டு அப்புறம்தான் நகர்கிறது. அவன் சரி, அவளும் சரி. நட்டுதான் தேய்ந்திருக்கிறது.

நெட்டையன் கையைத் தட்டிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "என்னம்மா, ரெண்டு பேரும் தப்பிச்சோம்ல?" என்றான்.

"நான் தப்பிக்கல" என்றாள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பக்கமிருந்தும் மேடையைக் கொண்டுவந்து வித்தியாசத்தை எழுதுவது காலை ஷிஃப்டின் பொறுப்பு, அதாவது அவள் பொறுப்பு. ஒன்பது வருஷமாக வித்தியாசம் ஒன்றுக்கு மேல் போனதில்லை. சனிக்கிழமை என்றால் குழந்தையோடு வெளியே போகிற அவசரம் வேறு. ஆறு மாதமாக இடப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் 'சரி' என்று எழுதிவந்திருக்கிறாள். பையை மாட்டியதற்காக ஒன்றரை மாதம் பேசாதிருந்த அவளேதான்.

"நட்டு தேஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லு. மத்தது யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் நெட்டையன்.

"சொல்லாம விட்டா அடுத்த நட்டையும் யாரும் பார்க்க மாட்டாங்க. நானே பார்க்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மேடத்தின் முன்னால் நின்று இரண்டையும் சொன்னாள். மேடம் சனிக்கிழமைத் தாள்களை எடுத்து ஆறு மாதத்து 'சரி'களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அக்கா, இருபத்தாறு சரி இருக்கு."

"இருபத்தஞ்சு மேடம். ஒரு வாரம் நான் லீவு."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வித்தியாசம் காட்டிய நாட்களின் வில்லைகள் இன்னும் வெளியே போகவில்லை, எல்லாவற்றையும் மறுபடி அளந்துவிடலாம். ஆனால் புது நட்டு வரப் பன்னிரண்டு நாளாகும், அதுவரை மிஷின் ஓடாது. "அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேக்கிங். பகல் ஷிஃப்ட். நட்டு வந்தப்புறம் நீங்க மிஷினுக்குத் திரும்பறதா வேண்டாமான்னு அப்போ சொல்றேன் அக்கா."

அந்தப் பன்னிரண்டு நாளும் என்ன கூத்து. அவள் தும்முவாள், அவன் நெட்டைக் கையை நீட்டிப் பெட்டியை அந்தப் பக்கம் நகர்த்துவான். அவள் ஒட்டுநாடாவை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் ஒட்ட, பெட்டிகள் அவள் பின்னால் மலைபோல் சேர்ந்தன. குழந்தை சாயங்காலம்வரை எங்கள் வீட்டில். ஆறு மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாக, தெருவை அடைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே வருவார்கள். கம்பெனியை மூடிவிட்டார்களா என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடம் விசாரித்தார். ஆனால் இரவு எங்கள் வீட்டில் சாப்பிடும்போது மைக்ரான் சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டே இருப்பாள். மேடம் என்ன சொல்லப்போகிறாளோ என்ற நினைப்பு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டோம்.

பதின்மூன்றாம் நாள் நட்டு வந்து மாட்டியாயிற்று. மதியம் ஒன்றரைக்கு மேடம் இருவரையும் அளக்கிற அறைக்குக் கூப்பிட்டாள். "சனிக்கிழமை சோதனையை இப்போ செய்யுங்க அக்கா. நான் பார்க்கணும்."

மைக்ரான் வளையலைக் கழற்றினாள், பின்னலைச் சுருட்டினாள். வெற்று மேடையை இரண்டு நடை ஓடவிட்டாள். இடமிருந்து ஐம்பது. தாண்டிப்போய், வலமிருந்து ஐம்பது. ஊசியில் வித்தியாசம் ஒன்று. அதை எழுதிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் ஒன்று. மூன்றாம் தடவை ஆரம்பித்ததும் மேடமே, "போதும் அக்கா, நம்பறேன்" என்றாள். "நாளைக்குக் காலையிலேர்ந்து வந்துடுங்க. சனிக்கிழமை ரெண்டு பக்கமும் பார்த்து ரெண்டு எண்ணையும் எழுதணும். சரின்னு எழுதினா ஒத்துக்க மாட்டேன்."

"எழுதறேன் மேடம்."

"இவர் இனிமே தட்டை இடது கோடியில வச்சுக்கணும். ரெண்டு பேரும் ஒரே பக்கத்திலேர்ந்து வாங்க."

நெட்டையன் தலையைச் சொறிந்தான். பேக்கிங்கில் ஒன்றாக வேலை பார்த்தது பழகிவிட்டது போலும். "மேடம், ரெண்டு பேரையும் ஒரே ஷிஃப்ட்ல போட்டா என்ன? நான் வில்லையை வைப்பேன், இவ பட்டனை அமுக்குவா."

மேடம் வாயைத் திறப்பதற்குள் மைக்ரான் முந்திக்கொண்டாள். "ஒருத்தர் கை உள்ளே இருக்கறப்போ இன்னொருத்தர் பட்டனை அமுக்கறதா? அதெல்லாம் ஆகாது. ஒரு மிஷினுக்கு ஒரு ஆள்தான்."

"அப்போ நான் உனக்கு வேண்டாமா?"

"ஞாயிற்றுக்கிழமை வேணும். இப்போ மணி ரெண்டாகப் போகுது, உங்க ஷிஃப்ட். கை கழுவிட்டு வந்து உட்காருங்க."

அவன் கை கழுவப் போனான். அவள் வில்லைத் தட்டை இடது கோடிக்கு நகர்த்தி வைத்துவிட்டு, குழந்தையைக் கூட்டிப்போக என் வீட்டுக்கு வந்தாள்.